முன் இடது சக்கரம் பிரேக்கை விடவே மாட்டேன் என்கிறது, வண்டியும் இடது பக்கம் இழுக்கிறது

கேத்தி_கேரட்:
இரண்டு மாதமாக ஒரே தலைவலி, யாராவது வழி சொல்லுங்கள். வண்டி 2017 மாடல் ஒன்றரை டன் டீசல் பிக்கப், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கேத்தியில் கேரட்டைக் கழுவி மூட்டை ஏற்றி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்க வேண்டும், வாரத்துக்கு 4 நடை. குன்னூர் தாண்டி பர்லியார் வருவதற்குள் முன் இடது சக்கரத்தில் தீய்ந்த வாடை வந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஸ்டீயரிங் தானாகவே இடது பக்கம் போகிறது, பிரேக்கில் கால் வைக்காதபோதும்தான். கல்லாறில் நிறுத்தி இறங்கிப் பார்த்தால் இடது சக்கரத்துப் பக்கம் கையே கொண்டுபோக முடியவில்லை, வலது சக்கரம் சும்மா வெதுவெதுப்பு. அரை மணி நேரம் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு எடுத்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

இதுவரை செய்தது: இரண்டு பக்கமும் பேடு புதுசு. டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவியாகிவிட்டது. இடது கேலிப்பருக்கு (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ரிப்பேர் கிட் போட்டாகிவிட்டது. அப்படியும் அடங்காததால் போன வாரம், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையே புதுசாக மாற்றினார்கள். பட்டறைப் பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள்தான். மொத்தம் 14 ஆயிரம் போச்சு. மாஸ்டர் மாற்றிய பிறகு இன்னும் மோசம் என்றுதான் சொல்வேன், இப்போது காலி வண்டியாக மேலே ஏறும்போதுகூட இடது சக்கரம் சுடுகிறது. ஏற்றத்தில் நான் எங்கே பிரேக் பிடிக்கப் போகிறேன்?

கோவை_டீசல்:
வீல் அலைன்மென்ட் பார்த்தீர்களா? எனக்கும் இப்படித்தான் இடது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது, அலைன்மென்ட் செய்து இடது டயரில் காற்றைச் சரி பண்ணியதும் நின்றுவிட்டது. நம்ம ஊர் ரோடே தண்ணீர் வடிவதற்காக இடது பக்கம் சரிந்துதான் இருக்கும், கொஞ்சம் இழுப்பது சகஜம்.

பழைய_ஸ்பேனர்:
அலைன்மென்ட் கெட்டால் டயர் தேயும் தம்பி, சக்கரம் சுடாது. அவர் வாடை வருகிறது என்கிறார்.

பட்டறை வேலையை விட்டு 6 வருஷம் ஆகிறது, ஆனாலும் இந்தக் கேஸைக் கண்டால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. முதலில் இழுப்பு எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால், எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, எதிர்ப்பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல கேலிப்பரைக் கழற்றிப் பிரித்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். காலை எடுத்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் கதை வேறு, அந்தப் பக்கத்து பிரேக் விடவில்லை. உங்களுடையது இரண்டாவது வகை. சூடும் அதே பக்கம், இழுப்பும் அதே பக்கம், ஆறினால் சரியாகிறது. சக்கர பேரிங் டைட்டாக இருந்தாலும் ஹப் சுடும், ஆனால் அது டீ குடித்துவிட்டு வருவதற்குள் குணமாகாது.

ஒரு கேள்வி. கிட் போட்டபோது கேலிப்பரை எங்கே தொங்கவிட்டிருந்தார்கள், பார்த்தீர்களா?

கேத்தி_கேரட்:
அண்ணே, நான் பக்கத்திலேயேதான் நின்றேன். கழற்றி அப்படியே விட்டுவிட்டார்கள், அதற்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன், அதில் என்ன?

பழைய_ஸ்பேனர்:
அதில்தான் எல்லாம். ஆனால் நான் இப்போதே ஹோஸ் என்று சொல்லிவிட்டால் நீங்கள் போய் ஹோஸை வாங்கிப் போடுவீர்கள், அது இல்லையென்றால் என் பெயரும் உங்கள் 14 ஆயிரம் பட்டியலில் சேர்ந்துவிடும். ராத்திரி வந்து எழுதுகிறேன்.

டாப்கியர்_தங்கம்:
இதற்கெல்லாம் இவ்வளவு பேச்சா? எங்க பக்கம் ஒரு மெக்கானிக் அந்தச் சக்கரத்துக்குப் போகும் பைப்பை நசுக்கி அடைத்துவிடுவார், மீதி மூன்று சக்கரம் பிடித்தால் போதும். நான் 3 மாதம் அப்படி ஓட்டியிருக்கிறேன். சூடானால் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினால் போதும், ஆறிவிடும்.

கோவை_டீசல்:
சமவெளியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. குன்னூர் இறக்கத்தில் லோடோடு வருகிறவருக்கு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். முன்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கும், அதுவும் கொண்டை ஊசி வளைவில்.

சுட்ட டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணும், விரிசலும் விடலாம். சும்மா நிறுத்தி ஆறவிடுவதுதான் வழி. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். பின் டிரம்மும் சூடாக இருந்தால், போட்டுவைத்த ஹேண்ட் பிரேக் டிரம் ஆறிச் சுருங்கும்போது இறுகிவிடும்.

பழைய_ஸ்பேனர்:
நன்றி தம்பி, அந்த இரண்டையும் நான் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன்.

கேரட் தம்பி, கவனமாகப் படியுங்கள். பிரேக் விடவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. பிரஷர் இறங்கியும் கேலிப்பர் பக்கம் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் பிரஷரே இறங்கவில்லை. முதலாவது என்றால் பிஸ்டன் துரு, ஸ்லைடு பின் காய்ந்துபோனது, பேடின் காது பிராக்கெட்டில் துருவேறி இறுகியது இப்படி. இரண்டாவது என்றால் ஹோஸ், மாஸ்டர், பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டுவது), பெடல், இந்த வரிசையில் எங்கேயோ. எது என்று தெரியாமல் ஒவ்வொரு பாகமாக வாங்கிப் போட்டதால்தான் உங்கள் பணம் கரைந்தது.

சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, முன்பக்கம் ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை 5, 6 தடவை நன்றாக மிதித்துவிடச் சொல்லுங்கள். உடனே இடது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாமல் இறுகியிருந்தால் நல்லது, நோய் கையில் அகப்பட்டது. சுற்றினால் வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு வந்து அதே வேலை.

இறுகியிருக்கும்போது மாஸ்டர் பக்கத்திலிருந்து சக்கரத்தை நோக்கி வர வேண்டும். முதலில் மாஸ்டரிலிருந்து வெளியே வரும் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் பிரஷர் அங்கேயே மாட்டியிருக்கிறது, பெடல், பூஸ்டர், மாஸ்டர் மூன்றில் ஒன்று. விடவில்லையா, நட்டை இறுக்கிவிட்டு, இரும்பு பைப் ரப்பர் ஹோஸில் சேரும் ஜாயிண்டைத் தளர்த்துங்கள். அங்கேயும் விடவில்லையா, கடைசியாக கேலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறங்கள். பீச்சி அடித்துச் சக்கரம் விட்டால் ஹோஸ் உள்ளே அடைபட்டிருக்கிறது. நிப்பிள் திறந்தும் விடவில்லை என்றால் மட்டும் கேலிப்பரைக் கழற்றுங்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சூடான பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. பெயின்டில் பட்டாலும் உரித்துவிடும், பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

நாகை_ஐஸ்பெட்டி:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்குப் பின் சக்கரம். மீன் லோடு அடிக்கிறேன். ராத்திரி நிறுத்திவிட்டு விடியற்காலையில் எடுத்தால் பின் வலது சக்கரம் சுற்றாமலே தரையில் இழுபட்டு வருகிறது, அப்புறம் டக்கென்று ஒரு சத்தம், விட்டுவிடும். இப்போது பகலிலும் கொஞ்சம் பிடித்தபடியேதான் ஓடுகிறது. அண்ணன் சொன்ன நிப்பிள் வேலையைச் செய்தேன், சக்கரம் விடவில்லை. டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்தான் மாட்டிக்கொண்டதா?

பழைய_ஸ்பேனர்:
மீன் லோடு என்றதுமே தெரிந்துவிட்டது. பெட்டியிலிருந்து ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று ஒருநாள் குனிந்து பாருங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் அந்த வழியாகத்தான் போகும். உறைக்குள்ளே துருவேறினால் நாம் இழுக்கும்போது கேபிள் போகும், விடும்போது திரும்பாது. இழுப்பது நம்ம கை, திருப்புவது டிரம்முக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங். அதற்கு அவ்வளவு தெம்பு கிடையாது.

வண்டிக்கு அடியில் இரண்டு கேபிளும் ஒன்று சேரும் இடத்தில் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கேபிள். இன்னும் விடவில்லை என்றால் டிரம்மைக் கழற்றுங்கள், ஷூவில் இருக்கும் ஹேண்ட் பிரேக் லீவர் சுழலும் ஆணி துருப்பிடித்திருக்கும், இல்லையென்றால் அட்ஜஸ்டர் அளவுக்கு மேலே திறந்திருக்கும். கழற்றினதும் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, பின் தட்டில் ஷூ உரசும் இடங்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். லைனிங்கில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது. எண்ணெய் பட்ட லைனிங் சில நேரம் வழுக்கும், சில நேரம் வெறிபிடித்த மாதிரி கவ்வும். அதைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும்.

ராத்திரி ஒட்டிக்கொள்வது வேறு. ஈர டிரம்மில் லைனிங் துருவேறி ஒட்டுவது அது. முடிந்தவரை சமதரையில் கியரில் விட்டுக் கட்டை வையுங்கள்.

கேத்தி_கேரட்:
செய்துவிட்டேன் அண்ணே, ஆனால் ஒரு தப்பு. அவசரத்தில் முதலிலேயே நிப்பிளைத் திறந்துவிட்டேன். பீச்சி அடித்தது, சக்கரம் உடனே விட்டுவிட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, பிரஷர் போன பிறகு மேலே எதைத் தளர்த்தினாலும் ஒன்றும் தெரியாதே என்று. நிப்பிளை இறுக்கி, மறுபடி என் மச்சானை மிதிக்கச் சொல்லி, வரிசையாக வந்தேன்.

மாஸ்டர் நட்டு தளர்த்தினேன், கொஞ்சம் கசிந்தது, இடது சக்கரம் அசையவில்லை. ஹோஸ் ஜாயிண்ட் தளர்த்தினேன், அசையவில்லை. நிப்பிள் திறந்தேன், சர்ரென்று வந்தது, சக்கரம் ஒரு விரலுக்கே சுற்றுகிறது. அப்படியென்றால் ஹோஸ்தானே?

பழைய_ஸ்பேனர்:
ஹோஸேதான். இப்போது வாங்குங்கள், இரண்டு முன்பக்கத்துக்கும். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள்.

சிவில்_ஆனாலும்_மெக்கானிக்கல்:
ஒரு சந்தேகம். ஹோஸ் அடைபட்டால் பிரேக்கே பிடிக்காமல்தானே போக வேண்டும்? போகும்போது போகிறது, வரும்போது மட்டும் வராது என்றால் எப்படி?

பழைய_ஸ்பேனர்:
நல்ல கேள்வி. மிதிக்கும்போது தள்ளுவது உங்கள் காலும் பூஸ்டரும், அந்த பிரஷருக்குச் சின்னச் சந்தும் போதும். திரும்பி வரும்போது தள்ளுவதற்கு யாரும் இல்லை. டிஸ்க் கேலிப்பரில் டிரம் மாதிரி ரிட்டர்ன் ஸ்பிரிங் கிடையாது, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் மிதிக்கும்போது கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வரும், அந்த மயிரிழைதான் பிஸ்டனைப் பின்னால் இழுக்கிறது. ஹோஸின் உள்சுவர் உரிந்து ஒரு தோல் மாதிரி தொங்கினால் கதவு போல வேலை செய்யும். போகும்போது திறக்கும், வரும்போது மூடும்.

கேத்தி_கேரட்:
அறுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு தகரப் பிராக்கெட் ஹோஸைச் சுற்றிப் பிடித்திருக்குமே, அந்த இடத்தில்தான் கோளாறு. பிராக்கெட்டுக்கு உள்ளே துருவேறி உப்பி ரப்பரை நெரித்திருக்கிறது. உள்ளே ஓட்டை குண்டூசி போகிற அளவுதான், பக்கத்தில் ரப்பர் தோல் ஒன்று தனியாக ஆடுகிறது. வெளியே பார்த்தால் ஹோஸில் ஒரு கீறல் கிடையாது. கேலிப்பரைத் தொங்கவிட்டது மிச்ச வேலையை முடித்துவிட்டது போல.

இரண்டு ஹோஸும் புதுசு போட்டு ஏர் எடுத்தாகிவிட்டது. நாளை நடை இருக்கிறது, போய்விட்டு வந்து சொல்கிறேன்.

கேத்தி_கேரட்:
வந்துவிட்டேன். நல்ல செய்தி, இழுப்பு போயே போச்சு, ஸ்டீயரிங் நேராக நிற்கிறது. கெட்ட செய்தி, இப்போது இரண்டு முன் சக்கரமும் சுடுகிறது. இறங்கும்போது சுட்டால் சரி என்று விடலாம். மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டு, காரமடை பக்கம் சமரோட்டில் 10 கிலோமீட்டர் பிரேக்கே தொடாமல் ஓட்டிப் பார்த்தேன். நியூட்ரலில் விட்டால் வண்டி உருளவில்லை, யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி நிற்கிறது. பெடலும் கல் மாதிரி ஆகிவிட்டது, மேலேயே பிடிக்கிறது. ஆறினதும் பழையபடி சரி.

டாப்கியர்_தங்கம்:
டூப்ளிகேட் மாஸ்டர் போட்டிருப்பார்கள். வேறொன்று வாங்குங்கள்.

கோவை_டீசல்:
பிரேக் ஆயில் டப்பாவில் என்ன ஊற்றினார்கள் என்று கேளுங்கள். நம்மவர்கள் எல்லாவற்றையும் ஆயில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், பட்டறையில் புதுப் பையன் இருந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயிலையும் பிரேக் ஆயிலையும் ஒன்றென்று நினைத்து ஊற்றிவிடுவான். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரேக் ஆயில் என்பது எண்ணெயே கிடையாது, தண்ணீரோடு கலக்கும் சரக்கு. அதில் நிஜமான எண்ணெய் ஒரு குப்பி போனாலும் மாஸ்டர், கேலிப்பர், வீல் சிலிண்டர் எல்லாவற்றிலும் ரப்பர் ஊதிவிடும். ஊதினால் சீல் திரும்பாது, நான்கு சக்கரமும் விடாது. டப்பா மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள். அது பெரிதாகி மூடிக்குள் திரும்ப உட்காராமல் நெளிந்திருந்தால், பகவானே, செலவு பெரிசு.

கேத்தி_கேரட்:
பார்த்தேன், ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, மூடி சரியாக உட்காருகிறது. டின் இன்னும் வண்டியிலேயே கிடக்கிறது, பிரேக் ஆயில் தரம் டாட் 3 என்று போட்டிருக்கிறது.

சிவில்_ஆனாலும்_மெக்கானிக்கல்:
உங்கள் ரூட்டுக்கு டாட் 4 நல்லது. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது கணக்கு, ஈரம் இழுத்த பிறகு அது 140. டாட் 4க்கு 230, ஈரம் இழுத்தால் 155. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும், பயமில்லை. டாட் 5 என்பது சிலிக்கான், அதை மட்டும் இதில் ஊற்றாதீர்கள். பெயர் ஒட்டி வருகிறது என்று 5.1 உடன் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். லோடோடு 3 டன் என்று வைத்து, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1,500 மீட்டர் இறங்கினால், 44 மெகாஜூல் சக்தியை எங்கேயாவது சூடாக்கித் தொலைக்க வேண்டும். 130 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. இன்ஜினும் காற்றும் எடுத்துக்கொள்ளாததை எல்லாம் அந்த இரண்டு டிஸ்க்கும் இரண்டு டிரம்மும்தான் வாங்கிக்கொள்கின்றன.

டாப்கியர்_தங்கம்:
டீக்கடையே வைக்கலாம் போல.

பழைய_ஸ்பேனர்:
இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடித்தால் வண்டி நேராகத்தான் போகும். இழுப்பு நின்றால் நோய் போய்விட்டது என்று நினைத்து ஓட்டியிருந்தால் இன்னொரு செட் பேடு போயிருக்கும், நியூட்ரலில் உருட்டிப் பார்த்தது நல்ல வேலை.

இது இரண்டாவது கோளாறு. மாஸ்டர் மாற்றிய பிறகு மோசமானது என்று முதல் பதிவிலேயே சொன்னீர்கள், நான்தான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. மாஸ்டருக்குள் டப்பாவை நோக்கி ஒரு பொடி ஓட்டை உண்டு. காலை எடுத்ததும் பிஸ்டன் கடைசிவரை பின்னால் வந்தால்தான் அந்த ஓட்டை திறக்கும். ஓடும்போது பிரேக் ஆயில் சூட்டில் கொஞ்சம் விரியும், அந்த விரிவு ஓட்டை வழியாக டப்பாவுக்குப் போய்விடும். பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றாலும் ஓட்டை அடைபட்டுவிடும், விரிவு போக வழியில்லாமல் பிரேக் தானே பிடிக்கும். பிடித்தால் இன்னும் சூடு, சூடானால் இன்னும் பிடிக்கும். 5, 10 கிலோமீட்டரில் வண்டி நின்றே போகும். ஆறினால் விடும். நீங்கள் சொன்னது அப்படியே அதுதான், கல் மாதிரி பெடல் உள்பட.

பிஸ்டனை முன்னால் பிடித்து வைத்திருப்பது யார் என்பதுதான் கேள்வி. மாஸ்டரே காரணமாக இருக்கலாம், பூஸ்டரிலிருந்து வரும் கம்பி நீளமாக இருக்கலாம், பெடலே முழுசாக எழும்பாமல் இருக்கலாம். சுடும்போதே நிறுத்தி, மாஸ்டரை பூஸ்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி, மாஸ்டரை 2, 3 மில்லிமீட்டர் முன்னால் இழுங்கள். சக்கரம் விட்டால் புது மாஸ்டர் நல்லது, அதற்குப் பின்னால்தான் ஏதோ தள்ளுகிறது. தங்கம் சொன்னபடி இன்னொரு மாஸ்டர் வாங்கிவிடாதீர்கள்.

கேத்தி_கேரட்:
விட்டுவிட்டது அண்ணே! நட்டைத் தளர்த்தி இழுத்த மாத்திரத்தில் இரண்டு சக்கரமும் விட்டன. அப்படியென்றால் கம்பியா, பெடலா?

பழைய_ஸ்பேனர்:
நட்டை மறுபடி இறுக்கிவிட்டு பெடலை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டிப்படுவதற்கு முன் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, பெடல் மேலே எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். பிரேக் லைட் சுவிட்ச்தான் பல வண்டியில் பெடலுக்கு முட்டுக்கட்டை. அதைத் தொட்டார்களா?

கேத்தி_கேரட்:
மாஸ்டர் மாற்றின அன்றைக்கு பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது, பையன் ஏதோ திருகினான், அணைந்துவிட்டது. லைட் இப்போது ஒழுங்காகத்தான் எரிகிறது, அணைகிறது. அதனால் சுவிட்ச் சரி என்று விட்டுவிட்டேன்.

பழைய_ஸ்பேனர்:
அங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. லைட் அணைந்தால் பெடல் முழுசாக எழும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. சுவிட்சை அதிகமாக உள்ளே திருகினால் அதன் உடம்பே பெடலைக் கீழே அழுத்திக்கொண்டு நிற்கும், லைட் சமத்தாக அணைந்துதான் இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி அரை அரைச் சுற்றாக வெளியே எடுங்கள். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் பெடலில் ஆட்டம் வருகிறதா, பின்னால் ஒருவரை நிறுத்தி லைட் அணைந்தே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துவரும் இடத்தில் பூட்டிவிடுங்கள். ஒத்தே வரவில்லை என்றால்தான் பூஸ்டர் கம்பியின் நீளத்தை அளக்கப் போக வேண்டும்.

கேத்தி_கேரட்:
ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன், ஆட்டம் வந்துவிட்டது. செலவு பூஜ்யம். காரமடை வரை போய் வந்தேன், இரண்டு முன் சக்கரமும் கை வைக்கிற சூடுதான். 14 ஆயிரத்தை நினைத்தால் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை.

கோவையிலிருந்து டெம்பரேச்சர் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்திருக்கிறேன், நாளை லோடோடு அளக்கிறேன். கொரோனா சமயத்தில் நெற்றியில் காட்டினார்களே, வீட்டில் கிடக்கும் அதையே வைத்துப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தேன், அது ஜுரத்துக்கு மேலே போனால் எண்ணே காட்டமாட்டேன் என்கிறது.

நாகை_ஐஸ்பெட்டி:
கேபிள்தான்! நட்டைத் தளர்த்தியதும் சக்கரம் விட்டுவிட்டது. கேபிளைக் கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு டீசல் ஊற்றி அசைத்துப் பார்த்தேன், பழுப்புத் தண்ணீராக வருகிறது, உள்கம்பி சரியாக நகரவில்லை. இரண்டு கேபிளும் புதுசு சொல்லியிருக்கிறேன். பெட்டியின் தண்ணீருக்கு ஒரு குழாய் போட்டு பின் பம்பருக்கு வெளியே விட்டுவிட்டேன்.

டிரம்மையும் பார்த்தேன், பக்கத்தில் ஓடும் இரும்பு பிரேக் பைப் செதில் செதிலாக உரிகிறது. இது ஓடுமா?

பழைய_ஸ்பேனர்:
ஓடாது. இன்றைக்கே மாற்றுங்கள். பிடித்துக்கொள்ளும் பிரேக்காவது வாடை கொடுத்துச் சொல்லும், பைப் வெடித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போகும்.

கேத்தி_கேரட்:
நேற்று நடைக் கணக்கு, கல்லாறில் நிறுத்தின உடனே எடுத்தது. முன் இடது 172, முன் வலது 168. பின் இரண்டும் 70 சொச்சம். வாடை இல்லை, இழுப்பு இல்லை. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கலாமா?

பழைய_ஸ்பேனர்:
டிரம்முக்கு வெளியே எடுத்தால் எண் குறைவாகத்தான் காட்டும், முன்பக்கம் பிரேக் அதிகம் வேலை செய்வதும் இயல்பு. ஆனாலும் லோடு வண்டிக்கு 70 என்பது ரொம்பக் குறைச்சல். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை எக்ஸ்ட்ரா போட்டிருக்கிறீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள்.

கேத்தி_கேரட்:
ஹி ஹி. ஒரு பட்டை. வாங்கின வருஷமே போட்டது. ஆனால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழைய_ஸ்பேனர்:
பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே சேசிஸில் இருக்கும் வால்வுக்குப் போகும், பாருங்கள். லோடு ஏறினால் வண்டி பின்னால் அமுங்கும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு பிரஷரை அதிகம் விடும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக்கூடாது என்பதற்காக வைத்தது. நீங்கள் பட்டை சேர்த்ததால் லோடு ஏற்றினாலும் வண்டி அமுங்குவதில்லை, வால்வு காலி வண்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பின் பிரேக் பாதிதான் வேலை செய்கிறது, அத்தனை சுமையும் முன் டிஸ்க்குக்கு. உங்கள் ஹோஸ் இவ்வளவு காலம் அந்தச் சூட்டில்தான் வெந்தது.

கம்பியை இஷ்டத்துக்கு வளைத்துக் கட்டிவிடாதீர்கள், சிலர் மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிடுவார்கள், அப்புறம் மழையில் காலி வண்டி பின்னால் வீசும். பட்டையைக் கழற்றுவது சுத்தமான வழி. முடியாது என்றால் அந்த வால்வை அட்ஜஸ்ட் செய்ய உங்கள் மாடலுக்கு என்ன அளவு என்று கம்பெனி சர்வீஸில் கேட்டு, பிரஷர் மீட்டர் மாட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். முதலில் கம்பியின் மூட்டு அசைகிறதா பாருங்கள், சேறு பட்டு அது இறுகிக் கிடப்பதும் உண்டு.

சிவில்_ஆனாலும்_மெக்கானிக்கல்:
எந்த கியரில் இறங்குகிறீர்கள் என்று யாரும் கேட்கவே இல்லையே?

கேத்தி_கேரட்:
மூன்றாவது. சில இடத்தில் நான்கு. மண்டிக்கு நேரமாகிவிடும் சார்.

கோவை_டீசல்:
அந்த ரோட்டில் லோடோடு ஏறுகிறவர்கள் எந்த கியரில் ஏறுகிறார்களோ அதே கியரில் இறங்குங்கள். காலை பிரேக்கில் வைத்தபடியே வராமல், ஒரு அழுத்து அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுசாக விடுங்கள்.

கேத்தி_கேரட்:
மூட்டு துருவேறி அசையவே இல்லை அண்ணே, நீங்கள் சொன்னபடியே. கழற்றிச் சுத்தம் பண்ணி, பட்டையையும் எடுத்துவிட்டேன், இனி 4 மூட்டை குறைவாகத்தான் ஏற்ற வேண்டும், அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. இன்று இரண்டாவது கியரில் இறங்கினேன். கல்லாறில் முன் இரண்டும் 118, 121. பின் இரண்டும் 96, 94. மண்டிக்கு 12 நிமிஷம் தாமதம்.

நாகை_ஐஸ்பெட்டி:
அந்தத் துப்பாக்கி என்ன விலை?

கேத்தி_கேரட்:
ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. 14 ஆயிரத்துக்கு முன்னாடியே வாங்கியிருக்க வேண்டும்.